லீ இயற்கணிதம்: நிரூபணம் ஒப்பிக்கிறேன், விஷயம் பிடிபட மாட்டேங்குது

கரிசல்காரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எனக்குக் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டு வரைக்கும் தமிழ்வழி அரசுப் பள்ளி. எம்.எஸ்சி. வரைக்கும் தெக்கத்திக் கல்லூரிகள்தான். இப்ப வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முதல் வருஷம். ஆராய்ச்சி தொடங்குறதுக்கு முன்னாடி கோர்ஸ்வொர்க் பாஸ் பண்ணணும். அதில் ஒரு பேப்பர் லீ இயற்கணிதமும் ரெப்ரசென்டேஷன் தியரியும் (உறுப்புகளை அணிகளாக்கி வெக்டர்கள் மேல வேலை செய்ய வைக்கிறது).

(என் ரூம்மேட் "லை அல்ஜீப்ரா"ன்னுதான் சொல்வா. அதே மாதிரி அப்பாகிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேன். "பொய்க்கணக்கு படிக்கவா இவ்வளவு தூரம் ரயிலேறிப் போன?"ன்னு அன்னைக்கு ஆரம்பிச்ச கேலி இன்னும் ஓயலை. நார்வேக்காரர் ஒருத்தர் பேருப்பா, சோபஸ் லீன்னு சொன்னாலும் காதில் வாங்குறதா இல்லை.)

விஷயத்துக்கு வர்றேன். முதல் நாள் சார் உள்ளே வந்தார். போர்டில் ஒரு வெக்டர் வெளி, அதுக்கு மேல ஒரு பிராக்கெட், ரெண்டு நிபந்தனை. தன்னோடு தன்னையே போட்டா 0, அப்புறம் ஜேக்கோபி. "இதுதான் லீ இயற்கணிதம்"னார். குரூப்பைப் பத்தி (சுழற்சி மாதிரி, அடுத்தடுத்துச் செய்யவும் திரும்ப எடுக்கவும் முடியுற மாற்றங்களோட கூட்டம்) ஒரு வார்த்தை கிடையாது. எங்கிருந்து வந்துச்சு, எதுக்கு வந்துச்சு, ஒண்ணும் சொல்லலை. மூணாவது வாரம் எங்கல் தேற்றம், அஞ்சாவது வாரம் கார்த்தான் அளவுகோல், ஏழாவது வாரம் வைல் தேற்றம், இப்ப ஒன்பதாவது வாரத்தில் ரூட் சிஸ்டம். புத்தகம் ஹம்ஃப்ரீஸ். ஒவ்வொரு வரியும் சரியாத்தான் இருக்கு. ஒரு வரியில் இருந்து அடுத்த வரிக்குப் போயிடுறேன். பக்கம் முடிஞ்சதும் எங்கே நிக்கிறேன்னு தெரியலை.

மிட்செமில் 40க்கு 11. அதைக்கூடத் தாங்கிக்கலாம். போன வாரம் வாய்மொழித் தேர்வில் எங்கல் தேற்றத்தை முழுசா ஒப்பிச்சேன். "நல்லது. எஸ்எல்(2)க்கு கில்லிங் ஃபார்ம் கணக்குப் போட்டுக் காட்டு"ன்னு ஒரே ஒரு கேள்வி. எஸ்எல்(2)ன்னா மூலைவிட்டக் கூட்டுத்தொகை 0 வர்ற ரெண்டுக்கு ரெண்டு அணிகள். கில்லிங் ஃபார்ம்னா ரெண்டு உறுப்பு பிராக்கெட்டா செய்ற வேலையை அணியா எழுதி, பெருக்கி, மூலைவிட்டத்தைக் கூட்டுறது. சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், கை நகர மாட்டேங்குது. வரையறை தெரியும். மூணுக்கு மூணு அணி மூணு எழுதணும், அவ்வளவுதான். எனக்கு எழுத வரலை. கடைசி பெஞ்சில் யாரோ சிரிச்சது இன்னும் காதில் கேட்குது.

கடைசித் தேர்வுக்கு 5 வாரம் இருக்கு. நான் கேட்கிறது இதுதான்: அந்த பிராக்கெட் உண்மையில் என்ன? குரூப்புக்கும் இதுக்கும் என்ன உறவு, அதுக்கு மேனிஃபோல்ட் (வளைஞ்ச வெளிகள்) எல்லாம் படிச்சாகணுமா? வெயிட், ரூட்னு படமா வரையிறாங்களே, அதை நானாகவே வரையக் கத்துக்க எங்கே தொடங்கணும்?

"இது உனக்குச் சரிப்படாது, வேற பேப்பர் எடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொல்ல இங்கே நிறைய பேர் இருக்காங்க.

வளைபரப்பு

குரூப் இல்லாம லீ இயற்கணிதம் கத்துக்கொடுக்கிறது தப்பு. முறையாப் போகணும்னா முதலில் டோபாலஜி, அப்புறம் வகையிடத்தக்க மேனிஃபோல்ட், வெக்டர் ஃபீல்ட், தொடுவெளி, அதுக்கப்புறம்தான் லீ குரூப், அதன் தொடுவெளியாக லீ இயற்கணிதம். குறுக்கு வழி தேடினா இப்படித்தான் அந்தரத்தில் நிக்கணும். ஒரு வருஷம் ஒதுக்கிப் படிங்க.

கரிசல்காரி

அண்ணா, 5 வாரம்னு எழுதியிருந்தேனே.

ஈரோட்டு டீச்சர்

கண்ணு, முதல்ல அந்த 11 மார்க்கை விடு. நானும் அங்கேதான் நின்னேன். தரமணி மேட்சயன்ஸ் (கணித அறிவியல் நிறுவனம்) நூலகத்தில் ரெண்டு மாசம் உட்கார்ந்து எடுத்த நோட்டு இன்னும் எங்க வீட்டு அலமாரியில் இருக்குது. முதல் நாற்பது பக்கம் முத்து முத்தா நிரூபணம். நாற்பது பக்கத்தில் ஒரு எண்ணுகூடக் கிடையாது! அப்புறம் எப்படி விளங்கும்? உன் சீக்கும் அதேதான்.

வளைபரப்பு சார் சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா உன் பேப்பருக்கு அணிகளால் ஆன குரூப் போதும், அதுக்கு மேனிஃபோல்ட் வேண்டாம். அணியை அடுக்கில் ஏத்துற எக்ஸ்பொனென்ஷியல் தொடரும், அதுக்கு வகைக்கெழு எடுக்கிறதும் தெரிஞ்சாப் போதும்.

பிராக்கெட்டை முதல்ல பார்த்துடுவோம். கையில் ஒரு புத்தகத்தை எடு. கிடைமட்ட அச்சு ஒண்ணைச் சுத்தி 10 பாகை திருப்பு. அதுக்குச் செங்குத்தான இன்னொரு அச்சைச் சுத்தி 10 பாகை. இப்ப முதல் திருப்பலைத் திரும்ப எடு, அப்புறம் ரெண்டாவதைத் திரும்ப எடு. போட்டதையெல்லாம் எடுத்தாச்சு, புத்தகம் பழைய நிலைக்கு வந்திருக்கணும்ல? வராது. மூணாவது அச்சைச் சுத்தி ஏறத்தாழ 1.75 பாகை பிசகி நிக்கும். 10 பாகைக்குப் பதிலா 1 பாகையில் செஞ்சா மிச்சம் 0.0175 பாகைதான். திருப்பலைப் பத்தில் ஒரு பங்காக்கினா பிசகு நூறில் ஒரு பங்காயிடுது. அந்த இரண்டாம் படிப் பிசகு இருக்குதே, அதுதான் பிராக்கெட். வரிசை மாறினதுக்கு எவ்வளவு அபராதம், எந்தத் திசையில் அபராதம்னு அது சொல்லும். அணிகளில் எழுதினா முன்னாடி பெருக்கினதிலிருந்து பின்னாடி பெருக்கினதைக் கழிக்கிறது.

ஜேக்கோபியைப் புதுசா ஏதோ பூதம் மாதிரி பார்க்கிறியே, நீ பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிதானே? வெக்டர் இயற்கணிதப் பாடத்தில் "ஜகோபியின் முற்றொருமை"ன்னு ஒரு தலைப்பு இருந்ததே, ஞாபகம் இருக்குதா? மூணு வெக்டரைக் குறுக்குப் பெருக்கலில் சுத்திச் சுத்திப் போட்டுக் கூட்டினா பூச்சியம்னு. அதேதான்! முப்பரிமாணச் சுழற்சிகளோட லீ இயற்கணிதம்னா அது குறுக்குப் பெருக்கலேதான். உனக்குப் பதினேழு வயசிலேயே ஒரு லீ இயற்கணிதம் அறிமுகமாயிடுச்சு, பேர் சொல்லாம விட்டுட்டாங்க. அந்த முற்றொருமையை ஒரு உறுப்பை இந்தப் பக்கம் தள்ளி எழுதிப் பாரு, பெருக்கல் விதி வரும். ஒண்ணை பிராக்கெட்டுக்குள்ள போட்டா, அது முதல் ஆள் மேல ஒரு தடவை வேலை செய்யுது, ரெண்டாவது ஆள் மேல ஒரு தடவை. வகைக்கெழு பெருக்கலுக்குள்ள போற மாதிரியே.

குரூப்புக்கும் இயற்கணிதத்துக்கும் உள்ள உறவைப் பத்தி ஒண்ணு மட்டும் எச்சரிக்கையா வெச்சுக்கோ. இயற்கணிதம் குரூப்போட அலகு அணிக்குப் பக்கத்தில் நடக்கிறதை மட்டுந்தான் பார்க்குது. தூரத்தில் நடக்கிறது அதுக்குத் தெரியாது. மெய்யெண்களில் எஸ்எல்(2) குரூப்பை எடு, அதாவது அணிக்கோவை 1 வர்ற ரெண்டுக்கு ரெண்டு அணிகள். மூலைவிட்டத்தில் −2, −1/2 வர்ற அணி அதில் இருக்குது, அணிக்கோவை 1. ஆனா எந்த மெய் அணியை எக்ஸ்பொனென்ஷியல் எடுத்தாலும் அது கிடைக்காது. ஏன்னு யோசி, ஐகன் மதிப்பை வெச்சே முடிச்சுடலாம். தேர்வில் இது வரும், எழுதி வெச்சுக்கோ.

இப்ப முக்கியமான இடம். எஸ்எல்(2)ல மூணு பேரு. புத்தகத்தில் எக்ஸ், ஒய், எச். நான் வகுப்பில் தமிழில் பேர் வெச்சிருக்கேன்: ஏற்றி, இறக்கி, தராசு. விதி மூணே மூணு:

[தராசு, ஏற்றி] = 2 ஏற்றி
[தராசு, இறக்கி] = −2 இறக்கி
[ஏற்றி, இறக்கி] = தராசு

வெயிட்னா எடை. ஒரு வெக்டரைத் தராசில் வெச்சா ஒரு எண் காட்டுதுன்னா அது ஐகன் மதிப்பு, அதுதான் எடை. ஏற்றி அந்த எடையை 2 கூட்டும், இறக்கி 2 குறைக்கும். முதல் ரெண்டு விதியும் சொல்றது அவ்வளவுதான். பரிமாணம் முடிவுள்ளதா இருந்தா ஏத்திக்கிட்டே போக முடியாது, ஒரு இடத்தில் ஏற்றி பூச்சியமாக்கிடும். அந்த உச்சி எடை ஒரு குறையற்ற முழு எண், உதாரணத்துக்கு 3. அங்கிருந்து இறக்கினா 3, 1, −1, −3. நாலு பேர். முடிஞ்சது. ஒவ்வொரு பரிமாணத்துக்கும் பிரிக்க முடியாத ரெப்ரசென்டேஷன் ஒண்ணே ஒண்ணு.

கண்ணால் பார்க்கணும்னா க, ச ன்னு ரெண்டு மாறி எடுத்துக்கோ. மூணாம் படிப் பல்லுறுப்புக் கோவைகள்: க³, க²ச, கச², ச³. ஏற்றின்னா சவைப் பொறுத்து வகைக்கெழு எடுத்து கவால் பெருக்கு. இறக்கி அதுக்கு நேர் எதிர். தராசு, கவோட படியிலிருந்து சவோட படியைக் கழிச்சுக் காட்டும். மூணு விதியும் சரியா வருதான்னு நீயே போட்டுப் பாரு. கண்ணால் பார்த்துட்டு "சரிதான்"னு தாண்டாத, பேனாவால் போடு.

உன் கில்லிங் ஃபார்மும் இதிலேயே இருக்குது. தராசு தன்னையும் சேர்த்து மூணு பேர் மேலயும் பிராக்கெட்டா வேலை செஞ்சா வர்ற எண்கள் 2, 0, −2. வர்க்கம் எடுத்துக் கூட்டு: 4 + 0 + 4 = 8. தராசுக்கும் தராசுக்கும் 8. ஏற்றிக்கும் இறக்கிக்கும் 4 வரும், போட்டுப் பாரு. மீதி எல்லாம் 0. அந்த மூணுக்கு மூணு அணியோட அணிக்கோவை −128. பூச்சியம் இல்லை, அதனால் செமிசிம்பிள், அதாவது எளிய இயற்கணிதங்களாப் பிரியும். 128ங்கிறது 2ஓட ஏழாம் படி. 2 எங்கே பூச்சியமோ அந்தக் களத்தில் இதெல்லாம் சரிஞ்சு விழும். அதனால்தான் உன் புத்தகம் சிறப்பெண் 0, சிறப்பெண் 0ன்னு திரும்பத் திரும்பச் சொல்லுது.

கில்லிங்குன்னா கொலை இல்லைன்னு உன் ரூம்மேட்கிட்டயும் சொல்லிடு. வில்ஹெல்ம் கில்லிங், பிரவுன்ஸ்பெர்க்னு பெரிய கணித மையம் எதுவும் பக்கத்தில் இல்லாத ஒரு ஊரில் பாடம் நடத்திக்கிட்டே 1888லிருந்து 1890 வரைக்கும் எளிய லீ இயற்கணிதம் அத்தனையையும் வகைப்படுத்தினவர். நாலு முடிவில்லாக் குடும்பம், அதில் அடங்காத அஞ்சு பேர். நிரூபணத்தில் அங்கங்கே ஓட்டை இருந்துச்சு. எலி கார்த்தான் 1894இல் தன்னோட ஆய்வேட்டில் அடைச்சார். வாரம் 16 பீரியட் எடுத்துட்டு வீட்டுக்கு வந்து பேப்பர் திருத்துற எனக்குக் கில்லிங் மேல ஒரு தனிப் பாசம்.

அடுத்தது எஸ்எல்(3). அதை நாளைக்கு எழுதுறேன், அரிசி ஊறப் போட்டிருக்கேன், ஆட்டணும்.

அரைச்சுழல்

தங்கச்சி, நான் பௌதிகம் படிச்ச ஆள், யாழ்ப்பாணம். எங்கட பாடப்புத்தகத்தில வெக்டருக்குக் காவி, மேட்ரிக்ஸுக்குத் தாயம் எண்டு பேர். அதாலை உங்கட சொல்லுகள் எனக்குக் கொஞ்சம் பிடிபட நேரம் எடுத்தது. டீச்சர் சொன்ன தராசுக் கதை வடிவா இருக்குது. அதிலை ஒண்டைக் கூட்டிச் சொல்லுறன்.

இயற்கணிதத்துக்குத் தூரத்தில நடக்கிறது தெரியாது எண்டு டீச்சர் சொன்னவ. எங்களுக்கு அதுதான் எலக்ட்ரோன். எஸ்ஓ(3) எண்டது முப்பரிமாணச் சுழற்சிகள், எஸ்யூ(2) எண்டது அணிக்கோவை 1 வாற ரெண்டுக்கு ரெண்டு யூனிட்டரித் தாயங்கள். ரெண்டுக்கும் இயற்கணிதம் ஒண்டுதான், ஆனா குரூப் ரெண்டும் வேற. ஒற்றைப் பரிமாண ரெப்ரசென்டேஷன்கள், அதாவது 1, 3, 5, ரெண்டுக்கும் பொது. 2, 4, 6 எண்டு வாறது எஸ்யூ(2)வுக்கு மட்டுந்தான். அதுகளை 360 பாகை சுத்தினா கழித்தல் குறி வரும், 720 பாகை சுத்தினாத்தான் பழைய நிலை.

நம்பேலாட்டி ஒரு தாம்பாளத்தை உள்ளங்கையில வைச்சு, கவிழாமல், கையை உள்பக்கமாய் ஒரு முழுச் சுற்று சுத்திப் பாருங்கோ. தாம்பாளம் பழைய இடத்துக்கு வந்திடும், முழங்கை மேலை முறுகி நிக்கும். கையை மேலாலை கொண்டுபோய் அதே திசையில இன்னொரு சுற்று சுத்துங்கோ, கை நேராகிடும். ரெண்டு சுற்று. ஸ்பின் அரை எண்டா என்ன எண்டு எனக்கு விளங்கினது அண்டைக்குத்தான். வெறுந் தாம்பாளத்தோட செய்யுங்கோ. நான் சாம்பிராணித் தட்டோட செய்துபோட்டு அம்மாட்டை வாங்கிக் கட்டினான்.

டென்சர் பெருக்கலையும் எடையாலையே பிரிக்கலாம். 2 பரிமாணத்தின்ர எடைகள் 1, −1. 3 பரிமாணத்தின்ர எடைகள் 2, 0, −2. எல்லாச் சோடியையும் கூட்டினா 3, 1, −1, 1, −1, −3. உச்சி 3. அதோட 3, 1, −1, −3 எண்ட நாலையும் உரிச்செடுங்கோ. மிச்சம் 1, −1. ஆக 2 ⊗ 3 = 4 ⊕ 2. வெங்காயம் உரிக்கிற வேலைதான். பௌதிகத்தில கிளெப்ஷ் கோர்டன் எண்டு பெரிய அட்டவணை போட்டுப் பயப்படுத்துவினம், அடியில இருக்கிறது இது.

சும்மா_படிப்பவன்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கவும். 2007இல் ஈ8ன்னு ஒண்ணு செய்தியில் வந்துச்சே, 453060 வரிசை, அதே அளவு நிரல் உள்ள அட்டவணையைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டாங்கன்னு. அது இதோட சம்பந்தப்பட்டதா?

ஈரோட்டு டீச்சர்

ஆமாங்க. நான் சொன்ன அடங்காத அஞ்சு பேரில் பெரிய ஆள். பரிமாணம் 248, ரூட் 240. ஆனா இந்தப் பொண்ணு இப்ப மூணுக்கு மூணு அணியில் நிக்குது, அவளைப் பயமுறுத்தாதீங்க.

கண்ணு, எஸ்எல்(3)க்கு வர்றேன். மூலைவிட்டக் கூட்டுத்தொகை 0 வர்ற மூணுக்கு மூணு அணிகள். இதில் தராசு ரெண்டு. அதனால் ஒவ்வொரு வெக்டருக்கும் எடை ரெண்டு எண்ணா வரும், ஒரு சோடி. ஏற்றி1, இறக்கி1, ஏற்றி2, இறக்கி2. ஒவ்வொரு சோடியும் தனக்குள்ள ஒரு எஸ்எல்(2). மூணாவது ஏற்றி, இறக்கி இவங்களோட பிராக்கெட்டில் தானா வந்துடும். இறக்கி1 எடையிலிருந்து (2, −1) கழிக்கும். இறக்கி2 (−1, 2) கழிக்கும். ரூட்னா இதுதான்: தராசுகள் ஏற்றிகளையே நிறுத்தா வர்ற எடை.

இதைச் சதுரக்கட்டத் தாளில் வரையாத, கோணலா வந்து தொலையும். கோல நோட்டு வெச்சிருக்கியா? ஊடுபுள்ளி வெச்சு வரை. எஸ்எல்(3)யோட எடைகள் எல்லாம் ஊடுபுள்ளி வரிசையில்தான் உட்காரும். எஸ்எல்(3) தன் மேலேயே வேலை செய்ற ரெப்ரசென்டேஷன், உச்சி எடை (1, 1). அதைப் போட்டா 2, 3, 2ன்னு ஏழு புள்ளி, அறுகோணம். கோல பாஷையில் சொன்னா 3 புள்ளி, 2 வரைக்கும், ஊடுபுள்ளி. ஆனா பரிமாணம் 8 ஆச்சே, புள்ளி ஏழுதானே? நடுப்புள்ளியில் ரெண்டு தராசும் உட்கார்ந்திருக்குது. அதை ரெண்டா எண்ணணும்.

நான் இதைக் கண்டுபிடிச்சப்ப ஏதோ பெரிசா சாதிச்சுட்டதா நெனைச்சு எங்க அம்மாகிட்ட நோட்டைக் காட்டினேன். "நடுப்புள்ளிக்கு ரெண்டு சுழி போடு"ன்னாங்க. அவ்வளவுதான் அவங்க விமர்சனம்.

பரிமாணத்துக்கு வைல் கொடுத்த சூத்திரம் எஸ்எல்(3)க்கு ரொம்பச் சின்னது. உச்சி எடை (ப, ம)ன்னா (ப+1)(ம+1)(ப+ம+2) வகுத்தல் 2. (1, 1) போட்டா 2 × 2 × 4 / 2 = 8. உனக்கு வீட்டுப்பாடம் (2, 1). வரைஞ்சுட்டு வந்து சொல்லு. எங்கல், கார்த்தான் அளவுகோல் எல்லாத்தையும் மூணாவது வாரம் எடுத்துக்கலாம். அப்ப கைவசம் உதாரணம் இருக்கும், தேற்றம் எதைப் பத்திப் பேசுதுன்னு தெரியும். இப்ப தொடாத.

வளைபரப்பு

கோலம் போட்டால் குரூப்போட ரெப்ரசென்டேஷன் ஆயிடுமா? இயற்கணிதத்தில் இருப்பது குரூப்புக்கு ஏறும் என்பதை எங்கே நிரூபித்தீர்கள்?

ஈரோட்டு டீச்சர்

நிரூபிக்கலைங்க. குரூப் ஓட்டையில்லாம, சிம்ப்ளி கனெக்டடா இருந்தா ஏறும். எஸ்யூ(3) அப்படிப்பட்டதுதான். எஸ்ஓ(3) அப்படி இல்லை, அதைத்தான் தாம்பாளத்தை வெச்சு யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னார். நிரூபணத்துக்கு உங்க மேனிஃபோல்ட் வேணும், ஒத்துக்கிறேன். அது இவளோட அடுத்த செமஸ்டர்.

அரைச்சுழல்

அந்த 8 எண்ட அறுகோணத்தைப் பார்த்தவுடனை ஒரு கதை ஞாபகம் வந்தது. துகள்களை ஒழுங்குபடுத்த வேணும் எண்டு முர்ரே கெல்மன் 1960 வாக்கில கால்டெக்கில இருந்து பிராக்கெட் விதிகளைக் கையாலையே தேடித் திரிஞ்சவர். இதையெல்லாம் கார்த்தான் எப்பவோ வகைப்படுத்தி முடிச்சிட்டார் எண்டு அதே வளாகத்துக் கணிதக்காரர் ஒருத்தர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். நோபல் பரிசு வாங்கப்போற ஆளுக்கே அப்பிடியெண்டா நீங்கள் 11 வாங்கினதுக்கு ஏன் கவலைப்படுறியள்?

1961இல அவரும், அவரோட தொடர்பில்லாமல் யுவால் நேமனும், இந்த 8ஐத் துகள்களுக்குப் பொருத்திச்சினம். பேந்து (3, 0) எண்டதைப் பாருங்கோ. சூத்திரப்படி 4 × 1 × 5 / 2 = 10. புள்ளி 4, 3, 2, 1 எண்டு முக்கோணம். அதிலை ஒன்பது புள்ளிக்குத் துகள் இருந்தது, நுனிப் புள்ளி மட்டும் வெறுமை. அங்கை ஒண்டு இருக்கவேணும் எண்டு 1962இல கெல்மன் சொன்னார். 1964இல அமெரிக்காவின்ர புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில ஒமேகா மைனஸ் எண்ட அந்தத் துகள் அகப்பட்டது. ஒரு புள்ளி குறையுது எண்டு சொல்லித் தேடினவை!

கரிசல்காரி

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளா இங்கே வரலை, உட்கார்ந்து போட்டுக்கிட்டு இருந்தேன்.

கில்லிங் ஃபார்ம் 8, 4, 4, −128 எல்லாம் வந்திடுச்சு. மூணு தடவை போட்டேன். முதல் தடவை ஏற்றிக்கும் இறக்கிக்கும் 0 வந்துச்சு, ஒரு குறியை விட்டிருக்கேன். −2, −1/2 அணிக்கும் காரணம் எழுதிட்டேன்: ஐகன் மதிப்பு ரெண்டும் வேற வேற எதிர் மெய்யெண்கள். அடுக்கில் ஏத்துற மெய் அணியோட ஐகன் மதிப்பு மெய்யா இருந்தா விடை நேர் எண்ணாகணும், கலப்பெண்ணா இருந்தா சோடியா வந்து ரெண்டோட மட்டு மதிப்பும் சமமாகணும். இங்கே ரெண்டும் இல்லை. சரியா அக்கா?

ஜகோபியின் முற்றொருமையை வீட்டுக்கு போன் பண்ணித் தேடச் சொன்னேன். தம்பி பரண்ல இருந்து என் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து போட்டோ அனுப்பிட்டான். பக்கத்தில் நானே பென்சிலால் "முக்கியமில்லை"ன்னு எழுதி வெச்சிருக்கேன்.

தாம்பாளம் ஹாஸ்டலில் கிடைக்கலை. மெஸ் தட்டில் செஞ்சேன், சாம்பாரோட. அதைப் பத்திப் பேச வேண்டாம்.

ஆனா (2, 1)ல மாட்டிக்கிட்டேன். ஊடுபுள்ளி வெச்சு வரைஞ்சா மேல 3, அப்புறம் 4, 3, 2. மொத்தம் 12 புள்ளி. சூத்திரத்தில் 3 × 2 × 5 / 2 = 15. மூணு எங்கே போச்சு? நடுப்புள்ளின்னு ஒண்ணு இதில் இல்லவே இல்லையே, பூச்சிய எடையே வரலை.

ஈரோட்டு டீச்சர்

எக்ஸ்பொனென்ஷியல் விடை சரி கண்ணு. அதை அப்படியே எழுது.

12 சரி, 15ம் சரி. வெளி ஓரத்தில் எத்தனை புள்ளி? 9. உள்ளே மூணு புள்ளி, கீழ் நோக்கின முக்கோணமா நிக்கும். அந்த மூணையும் ரெண்டு ரெண்டா எண்ணு. நடுவோ பூச்சியமோ இருக்கணும்னு அவசியமில்லை. எஸ்எல்(3)ல அறுகோணத்திலிருந்து ஒரு சுத்து உள்ளே போனா எண்ணிக்கை ஒண்ணு கூடும், சுத்து முக்கோணமாயிட்டா அதுக்கப்புறம் கூடாது.

விதியை நம்பாத, போட்டுப் பாரு. உச்சியில் இருக்கிற வெக்டர் எடை (2, 1). அதை ரெண்டு இறக்கியாலும் ஒவ்வொரு தடவை இறக்கினா எடை (1, 0), உன்னோட உள் புள்ளி. ஆனா அங்கே போக வழி ரெண்டு. முதல்ல இறக்கி2, அப்புறம் இறக்கி1. இல்லைன்னா முதல்ல இறக்கி1, அப்புறம் இறக்கி2. ரெண்டு வழியில் வந்த வெக்டரும் ஒண்ணா, வேறயா? ரெண்டையும் ஏற்றி1 போட்டும் ஏற்றி2 போட்டும் ஒரு படி மேல ஏத்திப் பாரு, என்ன எண் முன்னாடி வருதுன்னு. நாலு எண் கிடைக்கும், ரெண்டுக்கு ரெண்டு அணி. அதோட அணிக்கோவை பூச்சியம் இல்லைன்னா ரெண்டும் வேற வேற.

கரிசல்காரி

முதல் வழிக்கு 3, 1. ரெண்டாவது வழிக்கு 2, 2. அணிக்கோவை 4.

வேற வேறதான். 9 + 6 = 15.

மணி ஒண்ணே கால், ரூம்மேட் லைட்டை அணைக்கச் சொல்றா. அதுக்குள்ள (2, 2)ம் போட்டுட்டேன் அக்கா: 3, 4, 5, 4, 3, மொத்தம் 19 புள்ளி. வெளியே 12, அடுத்த சுத்து 6 ரெண்டு ரெண்டா, நடுப்புள்ளி மூணு. 27. சூத்திரத்திலும் 27.